முதலீட்டாளரிடம் பிட்ச் செய்வது எப்படி: முதல் முறை போகிறவர்களுக்கு

முதலீட்டாளரைச் சந்திக்கப் போகும் பலர், எதிரில் உட்கார்ந்திருப்பவரை எப்படியாவது அசத்திவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துத் தயாராகிறார்கள். ஆனால் ஒரு ஃபண்டில் உங்களைச் சந்திப்பவர் தனியாக முடிவெடுப்பது அரிது. முக்கால் மணி நேரம் உங்களிடம் கேட்டதை அடுத்த வாரம் தன் கூட்டாளிகளிடம் இரண்டு நிமிடத்தில் சொல்வார். அந்த இரண்டு நிமிடமும் நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். சொந்தப் பணத்தைப் போடுகிற ஏஞ்சல் முதலீட்டாளர்கூட, தான் நம்பும் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

ஆகவே உங்கள் பிட்ச், அதாவது முதலீடு கேட்டு நீங்கள் சொல்லும் விளக்கம், கேட்டவர் இன்னொருவரிடம் பிசகாமல் திருப்பிச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். ஸ்லைடு, ஈமெயில், எண்கள் எல்லாவற்றையும் இந்த ஒரு சோதனையில் போட்டுப் பாருங்கள்.

விளக்குவதற்கு வசதியாக ஒரு கற்பனைக் கம்பெனியை வைத்துக்கொள்வோம். பல் மருத்துவமனைகளில் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டு வராமல் போகிறவர்களைக் குறைக்கும் மென்பொருள். ஒரு மருத்துவமனைக்கு மாதச் சந்தா 5,000. எந்த நாட்டுப் பணம் என்பது நமக்கு முக்கியமில்லை, கணக்கு ஒன்றுதான்.

1. இந்தப் பணம் உங்களுக்கு ஏற்றதுதானா?

வளரும் கம்பெனிகளில் பங்கு வாங்கும் வி.சி. (வென்ச்சர் கேப்பிட்டல்) ஃபண்டுகளில் இருப்பது பெரும்பாலும் அடுத்தவர் பணம். ஓய்வூதிய நிதிகள், பல்கலைக்கழக நிதிகள், பெரிய குடும்பங்கள் கொடுத்தது. வழக்கமாகப் பத்து வருட காலத்தில் அதைப் பல மடங்காக்கித் திருப்பித் தர வேண்டும். முதலீடு செய்த கம்பெனிகளில் நிறைய ஊற்றிக்கொள்ளும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஓரிரண்டு கம்பெனிகள் பிரமாண்டமாக வளர்ந்து மொத்த நஷ்டத்தையும் ஈடுகட்டும் என்ற எதிர்பார்ப்பில்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

இதைக் கணக்காகப் போட்டால் அவர்கள் பார்வை புரியும். 100 கோடி உள்ள ஒரு ஃபண்ட் உங்கள் கம்பெனியில் 15 சதவீதம் வாங்குகிறது. அடுத்தடுத்துப் பணம் திரட்டும் சுற்றுகளில் புதியவர்களுக்கும் பங்கு போவதால் அந்தப் பங்கு கரைந்து 10 சதவீதம் ஆகிறது. உங்கள் ஒரு கம்பெனியால் மட்டும் அந்த 100 கோடி திரும்ப வர வேண்டுமென்றால், கம்பெனி 1,000 கோடிக்கு விற்க வேண்டும். எதிரில் இருப்பவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது மனதுக்குள் போடும் கணக்கு இதுதான். 'லாபம் வருமா?' என்பதைவிட 'எவ்வளவு பெரிதாகும்?' என்றே அவர்கள் கேட்பதற்கும் இதுவே காரணம்.

வருடத்துக்கு இருபது சதவீதம் நிதானமாக வளர்ந்து, நல்ல லாபமும் தருகிற தொழில் உங்களுக்குப் பொன்னான தொழில். வி.சி.க்கு அது பொருந்தாது. அப்படிப்பட்ட தொழிலுக்கு வங்கிக் கடன், வாடிக்கையாளரிடம் வாங்கும் முன்பணம், சொந்தச் சேமிப்பு, பொறுமையுள்ள ஓரிரு ஏஞ்சல்கள் போதும். தவறான கதவைத் தட்டி ஆறு மாதத்தை வீணாக்கிவிட்டு, ஐடியாவே சரியில்லை போல என்று நொந்துபோகிறவர்கள் நிறைய.

ஏஞ்சல்கள் சீக்கிரம் முடிவெடுப்பார்கள், சிறிய தொகை போடுவார்கள், ஆளைப் பார்த்துப் போடுவார்கள். ஆக்சிலரேட்டர்கள் இன்னொரு வழி. 2005-இல் தொடங்கிய ஒய் காம்பினேட்டர் இந்த முறையைப் பிரபலமாக்கியது. கொஞ்சம் பங்குக்குப் பதிலாகக் கொஞ்சம் பணம், சில மாதப் பயிற்சி, கடைசியில் ஒரே நாளில் பல முதலீட்டாளர்கள் முன் பேச ஒரு மேடை. யாரையும் தெரியாத ஒருவருக்கு அந்த மேடை பெரிய விஷயம்.

2. பட்டியல் போடுங்கள், பிறகு அறிமுகம் தேடுங்கள்

நாற்பது, ஐம்பது பெயர்களாவது வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, எந்தக் கட்டத்தில் உள்ள கம்பெனிகளில் போடுகிறார், எந்தத் துறை, வழக்கமாக எவ்வளவு, கடைசியாக எப்போது போட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நேரடிப் போட்டியாளரில் ஏற்கெனவே முதலீடு செய்தவரை அடித்துவிடுங்கள். உங்களில் போட மாட்டார், உங்கள் எண்களை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்.

அறிமுகத்தில் தரம் உண்டு. அந்த முதலீட்டாளரிடம் ஏற்கெனவே பணம் வாங்கி நன்றாக நடத்திக்கொண்டிருக்கும் ஒரு ஃபவுண்டர் (கம்பெனி நிறுவனர்) சொல்வதுதான் முதல் தரம். 'என் ஃபண்டுக்கு நீங்கள் சரிவர மாட்டீர்கள், ஆனால் இன்னொருவரிடம் சொல்கிறேன்' என்று ஒரு முதலீட்டாளரே கொடுக்கும் அறிமுகம் அவ்வளவு நல்லதில்லை. 'நல்லதென்றால் நீங்களே போட்டிருக்கலாமே?' என்ற கேள்வி அதோடு ஒட்டிக்கொண்டே போகும். யாருமே இல்லையென்றால் நேராக எழுதுங்கள். பதில் வரும் வாய்ப்பு குறைவு, ஆனால் வராமலும் இல்லை.

அறிமுகம் செய்பவருக்கு வேலை வைக்காதீர்கள். அவர் அப்படியே ஃபார்வர்டு செய்யக்கூடிய ஒரு ஈமெயிலை நீங்களே எழுதிக் கொடுங்கள். நம் கற்பனைக் கம்பெனிக்கு அது இப்படி இருக்கலாம்:

'வணக்கம். பல் மருத்துவமனைகளில் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டு வராமல் போகிறவர்களைக் குறைக்கும் மென்பொருள் செய்கிறோம். இப்போது 40 மருத்துவமனைகள் மாதம் 5,000 கட்டுகின்றன. ஆறு மாதத்துக்கு முன் 9 இருந்தன. இதுவரை விட்டுப் போனவை 2. என் கோ-ஃபவுண்டர் பத்து வருடம் மருத்துவமனை நிர்வாகத்தில் இருந்தவர். 2 கோடி திரட்டுகிறோம். 18 மாதத்தில் 300 மருத்துவமனைகளை எட்டத் திட்டம். அடுத்த வாரம் இருபது நிமிடம் பேச முடியுமா? டெக் (ஸ்லைடுகள்) இணைத்திருக்கிறேன்.'

அவ்வளவுதான். 'உலகையே மாற்றப் போகும்', 'புரட்சிகரமான' போன்ற சொற்கள் இதில் எங்கும் இல்லை, கவனியுங்கள். 9, 40, 2 என்ற மூன்று எண்கள் இருக்கின்றன. படிப்பவர் அடுத்தவரிடம் சொல்லப் போவது அந்த எண்களைத்தான்.

எல்லாச் சந்திப்புகளையும் இரண்டு மூன்று வாரங்களுக்குள் நெருக்கி வையுங்கள். மாதத்துக்கு ஒருவர் என்று இழுத்தால் யாருக்கும் அவசரம் வராது, உங்களுக்கும் கம்பெனியைக் கவனிக்க நேரம் இருக்காது. ரொம்பவும் ஆசைப்படும் ஃபண்டை முதல் நாளே பார்க்க வேண்டாம். முதல் நாலைந்து சந்திப்புகளில் உங்கள் பிட்ச் நிச்சயம் தடுமாறும்.

3. ஒரு வரி

'ஏஐ சார்ந்த முழுமையான மருத்துவ ஈடுபாட்டுத் தளம்' என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. 'அப்பாயின்ட்மென்ட் வாங்கியவர்கள் வராமல் போவதைக் குறைக்கிறோம், பல் மருத்துவமனைகள் அதற்கு மாதாமாதம் பணம் கட்டுகின்றன' என்றால் துறையே தெரியாதவருக்கும் புரியும். யாருக்கு, என்ன தொல்லை, யார் பணம் கட்டுகிறார்கள் என்ற மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும். உங்கள் தொழிலைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒருவரிடம் சொல்லிவிட்டு, மறுநாள் அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அவர் வாயில் என்ன வருகிறதோ அதுதான் உங்கள் உண்மையான பிட்ச். நன்றாக இல்லையென்றால் வரியை மாற்றுங்கள்.

4. டெக்

2015-இல் டாக்சென்ட் என்ற நிறுவனமும் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர் டாம் ஐசன்மனும் சேர்ந்து 200 ஸ்டார்ட்அப்கள் பணம் திரட்டிய விதத்தை ஆராய்ந்தார்கள். ஒரு டெக்கை முதலீட்டாளர்கள் பார்த்த சராசரி நேரம் 3 நிமிடம் 44 விநாடி. மாதக்கணக்கில் நீங்கள் செதுக்கியதற்கு அவ்வளவுதான் நேரம் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

ஆப்பிளில் வேலை பார்த்து, பின்னர் முதலீட்டாளரான கை கவாசாகி என்பவர் சொன்ன ஒரு விதி பரவலாகப் புழங்குகிறது: 10 ஸ்லைடு, 20 நிமிடம், 30-க்குக் குறையாத எழுத்தளவு. பத்தா பன்னிரண்டா என்று யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. ஆனால் எழுத்தளவு பற்றிச் சொன்னது உண்மையிலேயே உதவும். எழுத்து பெரிதாக இருந்தால் ஒரு ஸ்லைடில் ஒரு விஷயத்துக்கு மேல் திணிக்க முடியாது.

இரண்டு டெக் வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பி வைப்பது நீங்கள் பக்கத்தில் இல்லாமலே புரிய வேண்டும், அதனால் அதில் கொஞ்சம் கூடுதல் எழுத்து இருக்கலாம். நேரில் காட்டுவதில் எழுத்து குறைவாக இருக்கட்டும். திரையில் பத்தி பத்தியாக இருந்தால் அவர்கள் படிக்கத் தொடங்குவார்கள், உங்கள் பேச்சு காதில் ஏறாது. ஒவ்வொரு ஸ்லைடின் தலைப்பும் ஒரு முழு வாக்கியமாக இருப்பது நல்லது. 'சந்தை' என்று போடுவதைவிட '2 லட்சம் சிறு மருத்துவமனைகளுக்கு இதே தொல்லை இருக்கிறது' என்று போடுங்கள். தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படித்தாலே கதை புரிய வேண்டும்.

வரிசை பெரிய ரகசியமில்லை. என்ன கம்பெனி, என்ன பிரச்சினை, தீர்வு, ஏன் இப்போது, சந்தை எவ்வளவு, போட்டி யார், எப்படிச் சம்பாதிக்கிறீர்கள், இதுவரை என்ன நடந்திருக்கிறது, யார் நீங்கள், எவ்வளவு வேண்டும். செக்கோயா கேப்பிட்டல் என்ற வி.சி. நிறுவனம் வெளியிட்டிருக்கும் மாதிரி டெக்கிலும் ஏறக்குறைய இவைதான் இருக்கின்றன. உங்களிடம் வலுவான எண்கள் இருந்தால் அவற்றை முன்னுக்குக் கொண்டுவாருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

பிரச்சினையை ஒரு ஆளை வைத்துச் சொல்லுங்கள். 'சுகாதாரத் துறையில் திறனின்மை நிலவுகிறது' என்பதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். 'ஒரு பல் மருத்துவர் ஒரு நாளைக்கு 16 பேருக்கு நேரம் ஒதுக்குகிறார், அதில் 3 பேர் வருவதில்லை, அந்த நேரமெல்லாம் நாற்காலி காலி, ஆனால் உதவியாளருக்குச் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கிறது' என்பது மனதில் நிற்கும். பிரச்சினை புரிந்துவிட்டால் தீர்வுக்கு ஒரு நிமிடம் போதும். புதியவர்கள் இதை அப்படியே தலைகீழாகச் செய்வார்கள். பிரச்சினைக்கு ஒரு வரி, அப்புறம் தங்கள் மென்பொருளின் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு ஸ்லைடு.

'ஏன் இப்போது' என்பதைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். இந்த ஐடியா ஐந்து வருடத்துக்கு முன் ஏன் நடக்கவில்லை? 2009-இல் ஊபர் தொடங்கியது என்றால், அதற்கு முந்தைய வருடம்தான் ஆப்பிளின் ஆப் ஸ்டோர் திறந்திருந்தது. இடத்தைக் காட்டும் போன் எல்லார் கைக்கும் வரத் தொடங்கிய நேரம் அது. புதிய சட்டமோ, மலிவாகிப்போன ஒரு தொழில்நுட்பமோ, மக்களின் பழக்கத்தில் வந்த மாற்றமோ உங்களுக்கும் ஒன்று இருந்தாக வேண்டும்.

சந்தை அளவுதான் நிறையப் பேர் சறுக்கும் ஸ்லைடு. 'உலகச் சுகாதாரச் சந்தை இத்தனை லட்சம் கோடி, அதில் ஒரு சதவீதம் கிடைத்தால்கூட...' என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் மனதளவில் எழுந்து போய்விடுவார். கீழிருந்து மேலே கணக்குப் போடுங்கள். நீங்கள் விற்கும் நாட்டில் 20,000 பல் மருத்துவமனைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று வருடத்துக்கு 60,000 கட்டும். மொத்தச் சந்தை 120 கோடி. அதில் பத்தில் ஒரு பங்கைப் பிடித்தாலும் வருட வருமானம் 12 கோடிதான். முதலில் பார்த்த 1,000 கோடிக் கணக்குக்கு இது எட்டவே எட்டாது. ஆகவே அடுத்த படியைக் காட்டியாக வேண்டும். கண், தோல், பிசியோதெரபி என்று இதே தொல்லையுள்ள சிறு மருத்துவமனைகள் 2 லட்சம் என்றால் சந்தை 1,200 கோடி. பல் மருத்துவத்தில் ஏன் தொடங்குகிறீர்கள், அங்கிருந்து மற்றவற்றுக்கு எந்த வழியாகப் போவீர்கள் என்பதுதான் பேச்சின் சாரம். இந்தக் கணக்கை வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். அந்த அறையில் அவர் போட்டு, சந்தை சின்னதாக இருக்கிறதே என்று சொல்லும்போது முதல் முறையாகத் தெரிந்துகொள்ளும் நிலை வர வேண்டாம்.

இதுவரை நடந்தது, அதாவது டிராக்‌ஷன். இங்கே ஒரு பழைய தந்திரம் உண்டு. 'தொடக்கத்திலிருந்து மொத்தம் பதிவு செய்தவர்கள்' என்று ஒரு வரைபடம் போடுவார்கள். மொத்தக் கணக்கு என்றைக்குமே கீழே இறங்காது, அதனால் கோடு எப்போதும் மேலேதான் போகும். இதை எல்லா முதலீட்டாளர்களும் பார்த்துச் சலித்திருக்கிறார்கள். மாதாமாதம் வந்த வருமானத்தைக் காட்டுங்கள். அதைவிட நல்லது, ஜனவரியில் சேர்ந்தவர்களில் ஜூலையில் எத்தனை பேர் இன்னும் பணம் கட்டுகிறார்கள் என்பது. ஒரு மருத்துவமனையைப் பிடிக்க 15,000 செலவாகிறது, செலவு போக அது மாதம் 4,000 தருகிறது, நாலு மாதத்தில் போட்டது வந்துவிடுகிறது என்று சொல்ல முடிந்தால் நீங்கள் பலரை முந்திவிட்டீர்கள்.

இன்னும் வாடிக்கையாளரே இல்லையா? சரி, அப்போது எத்தனை மருத்துவர்களிடம் உட்கார்ந்து பேசினீர்கள், யார் முன்பணம் கொடுக்க ஒத்துக்கொண்டார்கள், சோதனைக்கு யார் காத்திருக்கிறார்கள் என்று காட்டுங்கள். 'நல்ல ஐடியா என்று எல்லாரும் சொன்னார்கள்' என்பது கணக்கில் வராது. பணமோ நேரமோ கொடுத்தவர்கள் மட்டும்தான் கணக்கு.

போட்டியே இல்லை என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். ஒன்று நீங்கள் தேடிப் பார்க்கவில்லை, அல்லது அங்கே சந்தையே இல்லை என்றுதான் அதற்குப் பொருள் கொள்வார்கள். உங்கள் உண்மையான போட்டியாளர் பல நேரம் ஒரு எக்செல் கோப்பு, ஒரு நோட்டுப் புத்தகம், வரவேற்பறையில் இருப்பவர் போனில் கூப்பிட்டு ஞாபகப்படுத்துவது, இப்படித்தான் இருக்கும். அதையும் எழுதுங்கள். குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு போட்டு மேல் வலது மூலையில் உங்களை மட்டும் வைக்கும் படத்தை விட்டுவிடலாம். அந்த மூலையில் எல்லா ஸ்டார்ட்அப்பும் உட்கார்ந்திருக்கிறது.

டீம் ஸ்லைடில் பட்டங்களின் பட்டியல் வேண்டாம். இந்தப் பிரச்சினைக்கு நீங்கள் ஏன் சரியான ஆட்கள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வரி போதும்.

கடைசியாகத் தொகை. '1 முதல் 5 கோடி வரை' என்று சொன்னால் திட்டமே இல்லை என்று அர்த்தம். 18 முதல் 24 மாதம் ஓட எவ்வளவு வேண்டும், அந்தக் காலத்தில் எந்த இடத்தை எட்டுவீர்கள், அந்த இடம் அடுத்த சுற்றுக்கு ஏன் போதுமானது என்று சொல்லுங்கள். அடுத்த சுற்றுக்கே ஆறு மாதம் பிடிக்கும், அதனால் 12 மாதப் பணம் என்பது உண்மையில் 6 மாதப் பணம்தான்.

5. அந்த அரை மணி நேரம்

முப்பது நிமிடச் சந்திப்பு என்றால் பதினைந்து நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். மீதி அவர்கள் கேட்க. மூன்றாவது ஸ்லைடிலேயே கேள்வி வந்து, மற்ற ஸ்லைடுகளைக் காட்டவே முடியாமல் போனால் வருத்தப்பட வேண்டாம், பெரும்பாலும் அது நல்ல சகுனம். 'அதற்குப் பின்னால் வருகிறேன்' என்று கேள்வியைத் தள்ளி வைக்காமல் அங்கேயே பதில் சொல்லுங்கள்.

டெமோ காட்டுவதாக இருந்தால் முன்கூட்டியே பதிவு செய்த ஒரு வீடியோவையும் கையில் வைத்திருங்கள். இணைப்பு போவதற்கென்றே நேரம் பார்த்துக்கொண்டிருக்கும்.

இரண்டு ஃபவுண்டர்கள் போனால் யார் எதைப் பேசுவது என்று முன்பே பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் அங்கேயே திருத்துவதைப் பார்த்தால், பங்கைவிட பஞ்சாயத்துதான் பெரிதாக இருக்கும் போலிருக்கிறதே என்று தோன்றிவிடும்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம், 'நாளைக்குள் அனுப்புகிறேன்' என்று சொல்லி அனுப்பியும் விடலாம். ஆனால் சில எண்கள் விரல் நுனியில் இருந்தாக வேண்டும்: போன மாத வருமானம், மாதச் செலவு, கையிருப்பு எத்தனை மாதத்துக்கு வரும், ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆகும் செலவு, எத்தனை பேர் விலகினார்கள், யாரிடம் எத்தனை சதவீதப் பங்கு இருக்கிறது. இதில் தடுமாறினால் கம்பெனியை நடத்துவது வேறு யாரோ என்று நினைப்பார்கள்.

'கூகுள் இதையே செய்தால் என்ன ஆகும்?' நிச்சயம் வரும். 'செய்ய மாட்டார்கள்' என்பது பதிலில்லை. பெரிய கம்பெனி ஏன் இதைச் சின்ன விஷயமாகப் பார்க்கும், அவர்கள் வருவதற்குள் உங்களிடம் மட்டும் என்ன சேர்ந்திருக்கும் என்று சொல்லுங்கள். இன்னொரு கேள்வி, 'இதில் எது உடைந்தால் கம்பெனி மூடப்படும்?' நேர்மையாக ஒரு அபாயத்தைச் சொல்லி, அதைச் சோதிக்க என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று சொல்கிறவரை அவர்கள் மறப்பதில்லை.

கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்ற ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்காதீர்கள். வி.சி.க்கள் பொதுவாக முதல் சந்திப்புக்குப் போட மாட்டார்கள், கேட்டால் புதியவர் என்று மட்டும் தெரியும். நிஜமாகவே ரகசியமான தொழில்நுட்ப விவரம் இருந்தால் அதை முதல் சந்திப்பில் காட்டாமல் இருந்தால் போதும்.

எண்ணை ஊதிப் பெரிதாக்குவது வேறு வகைத் தவறு. பேச்சுவார்த்தையில் இருக்கும் ஒப்பந்தத்தைக் கையெழுத்தானது என்று சொல்வது மார்க்கெட்டிங் ஆகாது, மோசடி. தெரனோஸ் என்ற ரத்தப் பரிசோதனை நிறுவனத்தின் நிறுவனர் எலிசபெத் ஹோம்ஸ் முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக 2022 ஜனவரியில் குற்றவாளி என்று தீர்ப்பானது, அதே வருடம் நவம்பரில் பதினோரு வருடத்துக்கும் மேல் சிறைத்தண்டனை. அவ்வளவு தூரம் போகாத சின்னப் பொய்யும் பின்னால் கணக்கைச் சரிபார்க்கும்போது வெளியே வந்துவிடும், ஒப்பந்தம் அங்கேயே முறியும். ஸ்லைடில் 'கையெழுத்தானவை', 'பேச்சில் இருப்பவை' என்று இரண்டாகப் பிரித்துப் போடுங்கள்.

6. வெளியே வந்த பிறகு

அன்றைக்கே ஒரு சின்ன ஈமெயில். கேட்ட விவரங்கள், கூடவே கம்பெனி பற்றி நாலு வரி. அந்த நாலு வரிதான் பெரும்பாலும் அவருடைய உள்குறிப்பில் அப்படியே ஒட்டப்படும், அதனால் கவனமாக எழுதுங்கள்.

'இல்லை' என்று முகத்துக்கு நேரே சொல்கிறவர்கள் குறைவு. 'ரொம்ப சுவாரசியமாக இருக்கிறது, இன்னும் கொஞ்சம் டிராக்‌ஷன் வந்ததும் பேசுவோம்' என்றால் இப்போதைக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். 'எந்த எண் எவ்வளவு ஆனால் மறுபடி பார்ப்பீர்கள்?' என்று கேளுங்கள். குறிப்பான பதில் வந்தால் மாதம் ஒருமுறை முன்னேற்றத்தை எழுதி அனுப்புங்கள். மழுப்பினால் நேரத்தை மிச்சப்படுத்துங்கள். உண்மையில் ஆர்வம் உள்ளவர் அடுத்த சந்திப்புக்குத் தேதி கேட்பார், உங்கள் வாடிக்கையாளர்களிடம் பேச வேண்டும் என்பார், மற்ற பார்ட்னர்களை அழைத்து வருவார்.

நிராகரிப்பை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது? 2008-இல் ஏர்பிஎன்பி 1,50,000 டாலர் கேட்டது, 15 லட்சம் டாலர் மதிப்பீட்டில். அறிமுகமான ஏழு முதலீட்டாளர்களில் ஐந்து பேர் மறுத்தார்கள், இரண்டு பேர் பதிலே போடவில்லை. அந்த மறுப்புக் கடிதங்களைப் பின்னாளில் அதன் நிறுவனர் பிரையன் செஸ்கி வெளியிட்டார். சந்தை போதுமான அளவு பெரிதாகத் தெரியவில்லை என்பது அதில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பெசமர் என்ற பழைய வி.சி. நிறுவனம் தான் வேண்டாம் என்று ஒதுக்கிய கம்பெனிகளின் பட்டியலைத் தன் தளத்தில் தானே போட்டு வைத்திருக்கிறது. கூகுளும் ஃபெடெக்ஸும் அதில் உண்டு. ஆனால் இந்தக் கதைகளைச் சொல்லி எல்லா மறுப்பையும் தள்ளிவிடவும் கூடாது. பத்து பேர் பத்து காரணம் சொன்னால் விட்டுவிடலாம். பத்தில் ஏழு பேர் ஒரே காரணம் சொன்னால் உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

7. டர்ம் ஷீட் வந்தால்

டர்ம் ஷீட் என்பது முதலீட்டின் முக்கிய நிபந்தனைகளைச் சுருக்கமாக எழுதிய தாள். அதில் மதிப்பீடு எவ்வளவு என்பதில் மட்டும் கண்ணை வைக்காதீர்கள். 8 கோடி மதிப்புள்ள கம்பெனிக்கு 2 கோடி வந்தால், பணம் வந்த பின் மதிப்பு 10 கோடி, முதலீட்டாளர் பங்கு 20 சதவீதம். அதோடு, ஊழியர்களுக்கான பங்கு ஒதுக்கீடு 10 சதவீதம் பழைய 8 கோடி மதிப்பிலிருந்தே வர வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். அப்போது ஃபவுண்டர்கள் கையில் 80 இருக்காது, 70 தான். உங்கள் கம்பெனிக்கு அவர்கள் உண்மையில் தந்த மதிப்பு 7 கோடி.

லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ், அதாவது கம்பெனியை விற்கும்போது முதலில் யார் எவ்வளவு எடுப்பது என்ற நிபந்தனையை மெதுவாகப் படியுங்கள். கம்பெனி 6 கோடிக்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வகையில், போட்ட 2 கோடியைத் திரும்ப எடுப்பதா, 20 சதவீதப் பங்கான 1.2 கோடியை எடுப்பதா என்று முதலீட்டாளர் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். 2 கோடியை எடுப்பார், மற்றவர்களுக்கு 4 கோடி. 'பார்ட்டிசிபேட்டிங்' என்று ஒரு சொல் சேர்ந்திருந்தால், முதலில் 2 கோடி, பிறகு மீதியிலும் 20 சதவீதம், ஆக 2.8 கோடி. ஒரு சொல்லுக்கு 80 லட்சம்.

தொடக்க நிலையில் 'சேஃப்' என்ற எளிய ஒப்பந்தமும் வரலாம். 2013 கடைசியில் ஒய் காம்பினேட்டர் கொண்டுவந்தது, 2018-இல் மாற்றியமைத்தது. இப்போது பணம் கொடுத்து, அடுத்த சுற்றில் பங்காக மாற்றிக்கொள்ளும் முறை. புதிய வடிவத்தில் கம்பெனி மதிப்பீட்டுக்கு 10 கோடி உச்சவரம்பு வைத்து 1 கோடி வாங்கினால் 10 சதவீதம் போகிறது. சுலபமாக இருப்பதால் அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று ஐந்தாறு பேரிடம் வாங்கிவிட்டு, கூட்டிப் பார்க்கும்போது திடுக்கிடுவார்கள். வாங்கும்போதே ஒரு தாளில் கூட்டிக்கொண்டே வாருங்கள்.

ஃபவுண்டர் பங்குகள் நாலு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக உங்களுடையதாவது, முதல் வருடம் முடியாமல் விலகினால் ஒன்றும் கிடைக்காது என்பது, இவை வழக்கமான நிபந்தனைகள். பயப்பட ஒன்றுமில்லை, கோ-ஃபவுண்டர் பாதியில் போனால் உங்களைத்தான் காப்பாற்றும். போர்டில் (இயக்குநர் குழுவில்) யாருக்கு எத்தனை இடம் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கும் முன் யோசியுங்கள். ஸ்டார்ட்அப் ஒப்பந்தங்களை வழக்கமாகப் பார்க்கும் வக்கீலை வையுங்கள், நிலப் பத்திரம் பார்க்கும் குடும்ப வக்கீலை வேண்டாம்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த முதலீட்டாளரைப் பற்றியும் விசாரியுங்கள். அவர் பணம் போட்டு ஜெயித்தவர்கள் நல்லதுதான் சொல்வார்கள். அவர் பணம் போட்டு மூடப்பட்ட கம்பெனியின் ஃபவுண்டர்கள் ஓரிருவரிடம் பேசினால்தான், கஷ்டகாலத்தில் ஆள் எப்படி என்று தெரியும். கையெழுத்தானதும் ஒன்று இரண்டு மாதம் வேறு யாரிடமும் பேரம் பேசக் கூடாது என்ற கட்டுப்பாடு வழக்கமாக வந்துவிடும், அதனால் விசாரிப்பதையெல்லாம் அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

அந்த இடைவெளியில்தான் டியூ டிலிஜென்ஸ், அதாவது முதலீட்டாளர் தரப்பு உங்கள் கணக்கையும் ஆவணங்களையும் சரிபார்ப்பது நடக்கும். கம்பெனிப் பதிவு ஆவணங்கள், பங்குப் பட்டியல், வரி ரசீதுகள், வாடிக்கையாளர் ஒப்பந்தங்கள், மென்பொருளை எழுதியவர்கள் அதன் உரிமையைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்த பத்திரங்கள் எல்லாம் ஒரே ஃபோல்டரில் தயாராக இருக்கட்டும். கடைசியில் சொன்னதைத்தான் பலர் மறந்திருப்பார்கள். ஆரம்பத்தில் பகுதிநேரமாகப் புரோகிராம் எழுதிக் கொடுத்த நண்பரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்குவதிலேயே வாரங்கள் போய்விடும். பேரம் பேசக் கூடாது என்பது போன்ற ஓரிரு வரிகள் தவிர, டர்ம் ஷீட் பெரும்பாலும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் கிடையாது, முதலீட்டாளர் எந்த நேரமும் பின்வாங்க முடியும். பணம் கம்பெனிக் கணக்கில் ஏறும் வரை புதிய ஆளை வேலைக்கு எடுக்காதீர்கள், ஆபீசையும் மாற்றாதீர்கள்.